ஊர்ச் சபையார் எழுதிய தினத் தியானக் கையேடு: ஓராண்டு வாசித்தபின் ஒரு மதிப்புரை

திசையன்விளையைச் சுற்றியுள்ள செம்மணல் தேரிப் பகுதியில், சிற்றூர்ச் சபைகள் சில சேர்ந்த ஒரு சேகரம், தன் சபையாரையே எழுதவைத்துத் தினத் தியானக் கையேடு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. விலை 90 ரூபாய். பக்கங்கள் 400க்குச் சற்று மேல். வேதாகமப் பையில் வேதாகமத்துக்கும் பாமாலைக்கும் நடுவே இடைஞ்சல் இல்லாமல் அடங்கும் அளவு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம்: மேலே ஒரு வசனம், அதன்கீழ் இருபது வரிக்கு மிகாத ஒரு தியானம், மூன்று நான்கு வரியில் ஒரு ஜெபம், கடைசியில் பாமாலையிலிருந்தோ கீர்த்தனையிலிருந்தோ பாட வேண்டிய பாட்டின் எண். எழுதியவரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. பனையேறி, பீடி சுற்றுகிறவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆலயப் பணியாளரான கோயில் குட்டி என்று அவரவர் செய்யும் வேலை மட்டும் சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேர்ந்த பணத்தின் ஒரு பகுதி அச்சுச் செலவுக்குப் போனதால்தான் இந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது என்று சேகர குருவானவர் முன்னுரையில் சொல்கிறார். அந்த முன்னுரையையும், பெரிய வெள்ளிக்குரிய தியானத்தையும் தவிர, அவர் வேறெதையும் எழுதவில்லை. போதகர் ஒருவர் இத்தனை பக்கங்களைத் தம் சபையாரிடம் விட்டுக்கொடுத்ததே என் மதிப்பில் பெரிய காரியம்.

எங்கள் வீட்டில் கடந்த ஓராண்டாக மாலைக் குடும்ப ஜெபத்தில் இந்தக் கையேட்டையே வாசித்து வருகிறோம். இதைத் தனியே உட்கார்ந்து கண்ணால் வாசித்து மதிப்பிடுவது பொருந்தாது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும்போதுதான் இதன் தரம் தெரியவரும். எங்கள் பக்கத்து ஊர்களில் குடும்ப ஜெபம் நடக்கும் விதத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆலயத்தில் மாலை மணி அடித்து ஓய்ந்ததும், திண்ணையிலோ நடுவீட்டிலோ பாய் விரித்து, வீட்டில் நன்றாக எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை, வாசிக்கும். பார்வை மங்கிய ஆச்சி கேட்பார்கள். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்த தாய் கேட்பார்கள். விடியுமுன் மரத்துக்குப் போக வேண்டிய தகப்பனார் கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்பார்கள். அந்த நேரத்தில் மூன்று வரிக்கு நீளும் ஒரு வாக்கியத்தைப் பதினொரு வயதுப் பிள்ளை மூச்சு விடாமல் வாசிக்க இயலாது. வாசித்தாலும் கேட்பவர்களுக்கு அதன் தொடக்கம் மறந்துவிடும். பட்டணங்களிலிருந்து தபாலில் வரும் மாதாந்தரத் தியானப் பத்திரிகைகள் பலவற்றில் நான் நெடுங்காலமாக உணர்ந்துவந்த குறை இதுதான். அவை அலுவலகத்துக்குப் புறப்படுமுன் தனியறையில் பத்து நிமிடம் அமரக்கூடியவருக்கென்று எழுதப்படுகின்றன. அவற்றில் வரும் சோதனைகள் மேலதிகாரியின் கோபமும் போக்குவரத்து நெரிசலும் பதவி உயர்வு தாமதமாவதும் ஆகும். அவை பொய்யான சோதனைகள் அல்ல. ஆனால் எங்கள் திண்ணையில் அவற்றைக் கேட்கும்போது வேறொரு வீட்டாரின் ஜெபத்தை வெளியே நின்று கேட்பதுபோல் இருக்கும்.

இந்தக் கையேடு அந்த வகையில் முற்றிலும் வேறு. வாக்கியங்கள் குறுகியவை, பேச்சின் ஓட்டத்தை விட்டு விலகாதவை. அதே சமயம் வேதாகமத் தமிழின் மரியாதையை இழக்காதவை. முதல் வாரத்திலேயே வாசிக்கிற பிள்ளையின் தடுமாற்றம் குறைந்துபோனதை நான் கவனித்தேன்.

கையேட்டின் உயிர் பனையைப் பற்றிய தியானங்களில் இருக்கிறது. பதநீர்க் காலத்தை ஒட்டி, மாசி தொடங்கி ஆடி வரையிலான மாதங்களில், வாரத்துக்கு ஒன்றிரண்டாக அவை வருகின்றன. பனையேறி ஒருவர் எழுதிய பக்கம் ஒன்று, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதைப் பற்றியது. பாளையிலிருந்து சொட்டும் சாறு சுண்ணாம்பு பூசிய கலயத்தில் விழுந்தால் பதநீராக நிற்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகும். பாளையும் ஒன்று, சாறும் ஒன்று, ஏறி இறங்கிய உழைப்பும் ஒன்று; வேறுபாடு கலயத்தின் உட்புறத்தில்தான் இருக்கிறது. நேற்றுத் தடவிய சுண்ணாம்பை நம்பி இன்று கலயத்தைக் கட்ட முடியாது என்பதையும் அவர் சொல்கிறார்; அதிலிருந்து நாள்தோறும் ஜெபிப்பதன் அவசியத்துக்கு வருகிறார். வசனமும் தொழிலும் தையல் தெரியாமல் ஒட்டியிருக்கும் பக்கம் இது. இறையியல் கல்லூரியில் படித்து இதை எழுதியிருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் கலயத்தைக் கழுவிச் சுண்ணாம்பு தடவிய கைக்கே இது வாய்க்கும்.

"நீதிமான் பனையைப்போல் செழித்து" என்று தொடங்கும் 92ஆம் சங்கீதத்தின் 12ஆம் வசனத்துக்கு எழுதப்பட்ட தியானமும் குறிப்பிடத்தக்கது. எங்கள் ஆலயங்களில் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டுப் பழகிய வசனம் இது. பனையின் எல்லாப் பாகமும் பயன்படும் என்ற வழக்கமான விளக்கத்தையே எதிர்பார்த்திருந்தேன். எழுதியவர் அதைத் தொடவேயில்லை. சங்கீதக்காரர் பார்த்தது பேரீச்சமரமாக இருக்கலாம் என்று ஒரே வரியில் ஒத்துக்கொண்டுவிட்டு, தேரியில் நிற்கும் பனையைப் பற்றித் தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்: விதை ஊன்றியவர் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை, அது பாளை விடுவதற்கு ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து வாலிபனாகும் காலம் பிடிக்கும், ஆகையால் இன்று நாம் ஏறும் மரங்களில் பெரும்பாலானவை நாம் முகம் பார்த்திராத யாரோ ஊன்றியவை. செழிப்பு என்பதை விரைவாகக் கிடைக்கும் ஆசீர்வாதம் என்று எண்ணிப் பழகிவிட்ட செவிகளுக்கு இந்தப் பக்கம் நல்ல மருந்து. ஏறுகிற ஆட்கள் குறைந்து, வெட்டப்படுகிற பனைகள் பெருகிவரும் காலத்தில், அந்த வருத்தத்தை எழுதியவர் வெளிப்படையாகச் சொல்லாமலே உணர்த்திவிடுகிறார்.

பனங்காட்டுக் குடிசையான விடிலியில் பதநீர் காய்ச்சும் பெண்ணொருவர் எழுதிய பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதநீர் பாகாகத் திரளும் பதம் எப்போது வரும் என்று கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. முன்னே இறக்கினால் கருப்பட்டி சிரட்டையில் உறையாது, பிந்தினால் கருகும். புகையில் கண் எரியக் காத்திருப்பதைப் பொறுமை என்ற சொல்லுக்கே அவர் இலக்கணமாக்கிவிடுகிறார். அந்தப் பக்கத்தின் ஜெபம் இரண்டே வரி. அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டியிருக்கவில்லை.

பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி நடக்கும் அசனம் என்னும் பொது விருந்தைப் பற்றி அடுத்தடுத்து மூன்று நாட்களுக்குத் தியானங்கள் இருக்கின்றன. இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் அசனத்தை இவ்வளவு கருத்தோடு தியானப் பொருளாக்கிய வேறொரு பக்கத்தை நான் வாசித்ததில்லை. எங்கள் ஊர்களில் பண்டிகை வரும்போது சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் பிழைக்கப் போனவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள். அரிசி ஒரு வீட்டிலிருந்தும், ஆடு ஒரு வீட்டிலிருந்தும், காய்கறியும் விறகும் வேறு வீடுகளிலிருந்தும் காணிக்கையாக வந்து சேரும். ஆண்கள் இரவெல்லாம் விழித்திருந்து ஆலய வளாகத்தில் சமைப்பார்கள். ஜெபம் செய்து தொடங்கிய பந்தியில் சபையாரும் பக்கத்து ஊராரும் பிற மதத்தாரும் வரிசையாக அமர்ந்து உண்பார்கள். முதல் நாள் தியானம் சமையல்காரருடையது. அடுப்பு மூட்டுமுன் செய்யும் ஜெபத்தைப் பற்றியது. இரண்டாம் நாள் தியானம் பந்தியின் வரிசையைப் பற்றியது. ஒரு தலைமுறைக்கு முன்பு யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாருக்குத் தனியே பரிமாறப்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லி, இன்று எல்லாரும் ஒரே வரிசையில் அமர்கிறோம் என்றால் அந்த வரிசை பந்தி முடிந்த பிறகும் நிலைத்திருக்கிறதா என்று அந்தப் பக்கம் கேட்கிறது. எங்கள் வீட்டில் அன்று வாசித்து முடித்தபின் சற்று நேரம் யாரும் பாட்டைத் தொடங்கவில்லை. திருநெல்வேலிச் சீமையின் சபைகள் இந்தக் கேள்வியைப் பிரசங்க பீடத்திலிருந்து அடிக்கடி கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அதை ஒரு சபையார் தம் சபையாரிடம், அவர்களுடைய வீட்டு நடுவிலேயே கேட்டிருப்பது இன்னும் நல்லது.

மூன்றாம் நாள் தியானம் மிஞ்சிய சோற்றைப் பற்றியது. ஐயாயிரம் பேரைப் போஷித்தபின் ஆண்டவர் "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு" துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னதை யோவான் 6ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்து, அசனம் முடிந்ததும் வாளியிலும் தூக்குச் சட்டியிலும் சோறு வாங்கிப்போகிற வீடுகளை நினைக்கச் சொல்கிறது. வர முடியாத நோயாளிக்கு, வர மனமில்லாமல் கோபித்துக்கொண்டு வீட்டிலிருப்பவருக்கு, ஆலயத்தின் பக்கமே வராதவருக்கு அந்தத் தூக்குச் சட்டி போகிறதா என்பதே அதன் பொருள்.

பீடி சுற்றும் சகோதரி ஒருவர், திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்குகிறவருக்கு, கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த எஜமான் எளிதில் பிடிபடுகிறவர் அல்ல என்பதை அவர் ஒளிக்கவில்லை. மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் முறுமுறுத்தவர்களின் பக்கம் நின்றே தொடங்குகிறார். பிறகு, கட்டுகளைப் பிரித்துப் பார்த்துத் தரமில்லை என்று கழித்துவிடும் இடத்தில் தம் உழைப்பு எப்படிக் கணக்கில் இல்லாமற் போகிறது என்பதைச் சொல்லி, கழிக்காத ஒரு எஜமானிடம் வேலை செய்வதன் ஆறுதலுக்கு வந்து சேருகிறார். கூலியின் அநியாயத்தை நியாயப்படுத்தாமல், அதைப் பொறுத்துக்கொள் என்றும் போதிக்காமல் அவர் முடித்திருப்பது எனக்கு நிறைவளித்தது.

ஈசாக்கின் கிணறுகளைப் பற்றிய பக்கமும் தைரியமானது. ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் ஏசேக்கு, சித்னா என்று இரண்டு கிணறுகளை வாக்குவாதத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சண்டையில்லாத மூன்றாவதற்கு ரெகொபோத் என்று அவன் பேரிடுகிறான். இதை எழுதியவர் சபைத் தேர்தலுக்குப் பொருத்தியிருக்கிறார். தேர்தல் முடிந்தபின் திருவிருந்துக்கு ஒரே பந்தியில் முழங்காற்படியிட மறுத்து, இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிற குடும்பங்கள் எங்கள் ஊர்களில் உண்டு. நல்லது கெட்டதுக்கும் பேசிக்கொள்ளாமல் ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு. விட்டுக்கொடுத்தவன் தோற்றவன் அல்ல, வேறிடத்தில் தண்ணீர் கண்டவன் என்று சொல்லும் இந்தப் பக்கத்தைத் தேர்தல் நடக்கும் ஆண்டில் எல்லாச் சபைகளிலும் ஆராதனையில் வாசித்தால் நன்மை உண்டாகும்.

வரலாற்றுத் தியானங்கள் இந்தக் கையேட்டின் பலவீனமான பகுதி. மாதத்துக்கு ஒன்று வீதம், திருநெல்வேலித் திருச்சபையின் முன்னோர்களை நினைவுகூரும் பக்கங்கள் இருக்கின்றன. நோக்கம் நல்லது. பாளையங்கோட்டையில் 1785இல் ஆலயம் எழும்பக் காரணமாயிருந்த குளோரிந்தாள், 1799இல் முதலூர் என்னும் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டாக உழைத்த தாவீது சுந்தரானந்தம், 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் பேராயராக அபிஷேகம் பெற்ற அசரியா என்று இவர்களை எங்கள் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டியது அவசியம்தான். ஆனால் இருபது வரிக்குள் பிறப்பு, வருகை, கட்டிய பள்ளிகள், எழுதிய நூல்கள், மரணம் என்று ஆண்டுகளை அடுக்கினால், வாசிக்கிற பிள்ளைக்கு அது பரீட்சைப் பாடமாகிவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் இடையன்குடியைப் பற்றிய பக்கம் இதற்கு எடுத்துக்காட்டு. கால்டுவெல் ஐயர் 1841இல் அங்கு வந்ததும், அவர் கட்டிய ஆலயம் 1880இல் பிரதிஷ்டை செய்யப்பட்டதும், அந்த ஆலயத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் சொல்லப்படுகின்றன. அவருடைய துணைவியார் எலைசா அம்மையார் அந்த ஊர்ப் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் வேலை கற்றுக்கொடுத்ததற்கு அரை வரிதான் கிடைத்திருக்கிறது. பெண்கள் தம் கைவேலையால் காசு சம்பாதிக்கக் கற்றது எப்படிப்பட்ட மாற்றம் என்பதை, இன்று பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் பெண்கள் கேட்கும்படி ஒரு முழுப் பக்கத்தில் எழுதியிருந்தால், அது வரலாறாகவும் இருந்திருக்கும், தியானமாகவும் இருந்திருக்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. புலம்பலுக்கு இந்தக் கையேட்டில் போதுமான இடம் இல்லை. நோயைப் பற்றிய தியானங்கள் ஏறக்குறைய எல்லாமே சுகத்தில் முடிகின்றன. கடனைப் பற்றியவை எதிர்பாராத உதவியில் முடிகின்றன. பிள்ளையில்லாத வீட்டைப் பற்றிய ஒரே பக்கம் பிள்ளை பிறந்ததில் முடிகிறது. இவை நடந்த சாட்சிகளாகவே இருக்கும் என்று நம்புகிறேன். சாட்சி சொல்லுகிறவர்களின் நன்றியைக் குறைத்துப் பேசுவது என் எண்ணம் அல்ல. ஆனால் சுகமாகாத நோயாளி படுத்திருக்கும் வீட்டிலும் இதே பக்கம் வாசிக்கப்படும் என்பதைத் தொகுத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டில் வாசிக்கிறவரின் குரல் அந்தக் கடைசி வரிகளில் எப்படித் தழுதழுக்கும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சங்கீதங்களின் புத்தகத்தில் முறையீட்டுச் சங்கீதங்கள் எத்தனை எத்தனை! அவற்றில் விடை கிடைக்காமல் முடிகிறவையும் உண்டு. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. வேதம் அனுமதித்ததை நம் தியானங்கள் அனுமதிக்கத் தயங்க வேண்டாம்.

இது அவர்களால் இயலாத காரியம் அல்ல என்பதற்குக் கையேட்டுக்குள்ளேயே அத்தாட்சி இருக்கிறது. பனையிலிருந்து விழுந்து இறந்துபோன ஒருவரின் மனைவி எழுதிய பக்கம் ஜூலை மாதத்தில் வருகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற 13ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை வைத்துக்கொண்டு, கணவருடைய அரிவாள்பெட்டியை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கவும் மனமில்லாமல், கண்ணில் படும்படி மாட்டிவைக்கவும் மனமில்லாமல் தாம் கழித்த காலத்தைச் சொல்கிறார். ஆறுதல் வந்தது என்று அவர் எழுதவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போனேன், பாட முடியாத நாட்களில் பக்கத்திலிருந்தவர்கள் பாடினார்கள் என்ற அளவோடு நிறுத்திவிடுகிறார். சபை என்பது எதற்காக என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. கையேடு முழுவதிலும் சிறந்த பக்கம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைக் காட்டுவேன். இப்படி மாதத்துக்கு இரண்டு பக்கங்களாவது வேண்டும்.

டிசம்பர் மாதத்தைப் பற்றியும் இதே குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் மறந்தவர் யாரும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் அதிகமாகக் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணிக் கரையோர ஊர்களில் வீடும் மாடும் வயலும் வாழையும் போயின. எங்கள் சேகரத்தார் பலருக்கு ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்தில் கொண்டான் கொடுத்தான் உறவு உண்டு. அந்த இரண்டு தேதிகளுக்கும் உரிய பக்கங்களில் மேய்ப்பரின் மகிழ்ச்சியும் தூதரின் பாட்டுமே இருக்கின்றன. கிறிஸ்து பிறப்பின் சந்தோஷத்தை மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சத்திரத்தில் இடமில்லாமல் பிறந்தவரின் பண்டிகைக்கு முந்தின வாரத்தில், வீடிழந்து பள்ளிக்கூடங்களிலும் ஆலயங்களிலும் ஒதுங்கியிருந்தவர்களை நினைக்க ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம். அதே மாதத்தில் வாலிபர் ஒருவர், வீடு வீடாகப் பாடிச் செல்லும் கீத பவனியைப் பற்றி எழுதியிருப்பது மட்டும் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது: அண்மையில் துக்கம் நடந்த வீட்டின் முன் மேளத்தை நிறுத்திவிட்டு, பாடாமல் ஜெபம் மட்டும் செய்துவிட்டு வரும் வழக்கத்தை அவர் சொல்கிறார்.

கையேட்டின் அமைப்பில் பாராட்ட வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. உயிர்த்தெழுந்த பண்டிகை மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே ஆண்டுதோறும் மாறி வரும். 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. ஆகையால் தேதியிட்டு அச்சிட்ட தியான நூலில், அந்தப் பண்டிகைக்கு முந்தைய உபவாச காலமாகிய லெந்து நாட்களின் தியானங்கள் அடுத்த ஆண்டே பொருந்தாமற் போய்விடும். இவர்கள் லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன் தொடங்கி உயிர்த்தெழுந்த ஞாயிறு வரையிலான 47 நாட்களுக்கும் தேதியில்லாத தனிப் பக்கங்களைப் பின்னால் சேர்த்து, முன்னால் உள்ள தேதிப் பக்கங்களை அந்த நாட்களில் காலை வேளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பிப்ரவரி 29க்கும் ஒரு பக்கம் உண்டு. இப்படிச் செய்திருப்பதால் ஒரு முறை வாங்கிய கையேடு பல ஆண்டுகளுக்கு உதவும். 90 ரூபாயை எண்ணி எடுத்து வைக்கும் வீடுகளுக்கு இது சிறிய காரியம் அல்ல. வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களையும், வார நாட்களில் மூன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்துமாக ஓராண்டில் வாசித்து முடிக்கும் அட்டவணையும் கடைசியில் இருக்கிறது.

அச்சைப் பற்றிச் சொல்வதானால், எழுத்தின் அளவு போதாது. பகலில் சிரமமில்லை, மின்சாரம் நின்ற மாலையில் வயதானவர்கள் தாங்களே வாசிக்க முயன்றால் முடியாது. காகிதம் மெல்லியது, மறுபக்க எழுத்து நிழலாடுகிறது. தையல் கட்டு அல்ல, பசைக் கட்டு. எங்கள் பிரதியில் ஆகஸ்டு மாதப் பக்கங்கள் கழன்றுவிட்டன. பல ஆண்டுகளுக்கு உதவும்படி இவ்வளவு யோசித்துத் தொகுத்தவர்கள், பத்து இருபது ரூபாய் கூடுதலாக விலை வைத்தாவது தைத்துக் கட்டியிருக்க வேண்டும். சில பக்கங்களில் பாட்டின் எண் தவறாக இருக்கிறது. எங்கள் சபையில் உபதேசியார் அவற்றைத் திருத்திக் குறித்து வைத்திருப்பதால், ஆராதனை முடிந்தபின் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

சிறுவர்களுக்கென்று தனியே ஒன்றும் இல்லாததும் குறையே. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளையும் எழுதவைத்து, வாரத்தில் ஒரு பக்கத்தை, சனிக்கிழமைப் பக்கத்தையாவது, அவர்களுக்குக் கொடுக்கலாம். படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற வாலிபரின் நிலைமை, பரீட்சையில் தவறினவரின் வெட்கம், வெளிநாட்டில் கணவரை விட்டுவிட்டு ஊரில் பிள்ளைகளை வளர்க்கிற பெண்களின் தனிமை ஆகியவற்றுக்கும் அடுத்த பதிப்பில் இடம் வேண்டும். தியானங்களைச் சபையார் சிலர் தங்கள் குரலிலேயே வாசித்துப் பதிவுசெய்து, வெளியூரிலிருக்கும் உறவினருக்குக் கைபேசியில் அனுப்பி வருகிறார்கள். அவற்றில் எங்கள் ஊர்ப் பேச்சின் இழுவையும் பின்னணியில் சேவல் கூவுவதும்கூடக் கேட்கும். மும்பையிலிருக்கும் என் உறவினர் ஒருவர் கையேட்டை வாங்கவில்லை. பதிவை மட்டும் தவறாமல் கேட்கிறார்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், முதலில் தென் திருநெல்வேலிப் பகுதிச் சிற்றூர்ச் சபைகளின் வீடுகளுக்கும், குடும்ப ஜெபம் நின்றுபோய் மீண்டும் தொடங்க எண்ணுகிறவர்களுக்கும் பரிந்துரைப்பேன். வசனத்தின் மூல மொழி விளக்கங்களையும் வேத ஆராய்ச்சியையும் எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. அவர்களுக்கு வேறு நூல்கள் உள்ளன. பனையும் தேரியும் பழக்கமில்லாத ஊர்களிலுள்ள சேகரங்கள் இதை அப்படியே வாங்கிப் பயன்படுத்துவதைவிட, இதைப் பார்த்துத் தங்கள் சபையாரை எழுதவைப்பது மேலானது. வயலும் வாழையும் உள்ள ஆற்றங்கரை ஊர்களுக்கும், மீன்பிடிக்கும் கடற்கரை ஊர்களுக்கும், உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் அவரவர் தொழிலிலிருந்தே சொல்ல எவ்வளவோ இருக்கும். விரும்புகிற குருமார் முன்கூட்டித் தெரிவித்தால், பக்கங்களைத் தொகுத்த விதத்தைக் காட்டிக்கொடுக்கத் தொகுப்புக் குழுவினர் ஆயத்தமாயிருப்பதாக முன்னுரை சொல்கிறது.

கையேடு கடைகளில் கிடைப்பதில்லை. சேகரத்தின் ஆலயங்களில் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் மேசை போட்டு விற்கிறார்கள். விதவைகளின் வீடுகளுக்கு இலவசமாகவே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். முதல் அச்சில் மிஞ்சியிருப்பவை சிலவே என்றும், இரண்டாம் அச்சுக்கான திருத்தங்களை அடுத்த அறுப்பின் பண்டிகைக்குள் எழுதித் தரலாம் என்றும் ஆராதனையில் அறிவித்திருக்கிறார்கள். எழுத்தின் அளவு, தையல் கட்டு, புலம்பலுக்குரிய பக்கங்கள் ஆகிய மூன்றையும் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.